டிரினிட்டி: குதிரை இழுக்க, தூங்கிக்கொண்டே வந்த கௌபாய்

கேட்ட கேள்வி இது: "செர்ஜியோ லியோனியின் கௌபாய் படங்களை எல்லாம் பார்த்துவிட்டேன். அதே காலத்தில் இத்தாலியில் எடுத்த சிரிப்பு வெஸ்டர்ன் ஒன்று பார்க்கலாம் என்றால், எல்லாரும் டிரினிட்டி என்கிறார்கள். பத்து நிமிடம் பார்த்தேன். ஒருவன் தூங்குகிறான், எழுந்து சாப்பிடுகிறான். இதில் அப்படி என்ன இருக்கிறது?"

நீங்கள் பார்த்த அந்தப் பத்து நிமிடத்தில்தான் படத்தின் உயிரே இருக்கிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் அடிப்படை விவரம். படத்தின் இத்தாலியப் பெயர் 'லோ கியாமாவானோ டிரினிடா'. 'அவனை டிரினிடா என்று கூப்பிட்டார்கள்' என்று பொருள். 1970 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால் இத்தாலியில் வெளியானது. டெரன்ஸ் ஹில் டிரினிட்டியாகவும், பட் ஸ்பென்சர் அவனுடைய அண்ணன் பாம்பினோவாகவும் நடித்தார்கள். தயாரிப்பு இட்டாலோ ஸிங்கரெல்லி. இயக்கியவர் என்ஸோ பார்போனி. படத்தின் தலைப்பில் அவர் பெயர் ஈ.பி. கிளச்சர் என்று வரும். அந்தக் காலத்து இத்தாலிய வெஸ்டர்ன்களில் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். உள்ளூர்ப் படம் என்று தெரிந்தால் கூட்டம் வராதோ என்ற பயம்தான் காரணம்.

இந்த பார்போனி யார் என்று தெரிந்தால் தொடக்கக் காட்சி வேறு மாதிரி தெரியும். இயக்குநர் ஆவதற்கு முன் அவர் ஒளிப்பதிவாளர். 1966-இல் செர்ஜியோ கோர்புச்சி இயக்கி, ஃபிராங்கோ நீரோ நடித்த 'ஜாங்கோ'வுக்குக் கேமரா அவர்தான். ஸ்பகெட்டி வெஸ்டர்ன்களிலேயே, அதாவது இத்தாலியர்கள் எடுத்த கௌபாய் படங்களிலேயே, மிகக் கொடூரமானவை என்று பேசப்படும் படங்களில் அதுவும் ஒன்று. அதில் நாயகனின் அறிமுகத்தை நினைத்துப் பாருங்கள். ஊரெல்லாம் சேறு. குதிரை கிடையாது. தோளில் கயிறு போட்டு ஒரு சவப்பெட்டியை இழுத்துக்கொண்டு, ஒரு மனிதன் தன்னந்தனியாக நடந்து வருகிறான். முகத்தில் துளி சந்தோஷம் இல்லை.

நாலு வருடம் கழித்து அதே ஒளிப்பதிவாளர் இயக்குநராகி எடுத்த காட்சியைப் பாருங்கள். இரண்டு நீளக் கழிகளைக் குதிரையின் இரண்டு பக்கமும் கட்டி, நுனிகளைத் தரையில் இழுபட விட்டு, நடுவில் தூளி மாதிரி ஒரு படுக்கை. வட அமெரிக்கப் பழங்குடியினர் சாமான் இழுக்கப் பயன்படுத்திய அமைப்பு அது. அதில் டிரினிட்டி மல்லாந்து படுத்துத் தூங்குகிறான். குதிரை தன்பாட்டுக்குப் போகிறது. அங்கே நாயகன் சாவை இழுத்துக்கொண்டு போனான், இங்கே நாயகனையே குதிரை இழுத்துக்கொண்டு போகிறது. பார்போனி இதை மனதில் வைத்தே செய்தார் என்று நான் நினைக்கிறேன். 'ஜாங்கோ'வுக்காக அந்தச் சேற்றையும் சவப்பெட்டியையும் லென்ஸ் வழியாக நாள் கணக்கில் பார்த்தவருக்கு இது தற்செயலாக வந்திருக்காது.

அப்புறம் சாப்பாடு. வழியில் ஒரு விடுதி. உள்ளே தலைக்கு விலை வைத்த ஆட்களைப் பிடித்துக் கொடுத்துப் பணம் வாங்கும் இரண்டு பேர், காயம்பட்ட ஒரு மெக்சிகோக்காரனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். டிரினிட்டி புழுதியைத் தட்டிவிட்டு உட்கார்கிறான். ஒரு இருப்புச்சட்டி நிறைய பீன்ஸ் வருகிறது. நாம் பொரியல் செய்யும் பச்சை பீன்ஸ் இல்லை, ராஜ்மா மாதிரி காய்ந்த பயற்றைக் குழம்பாக வேகவைத்தது. ஒரு கரண்டி, கொஞ்சம் ரொட்டி. சாப்பிடுகிறான், சாப்பிடுகிறான், சட்டியை ரொட்டியால் துடைத்து வழித்துச் சாப்பிடுகிறான். கேமரா நகர்வதே இல்லை என்கிற மாதிரி அந்தச் சட்டியையும் அவனையும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அந்த இரண்டு பேரும் வாய் பிளந்து நிற்கிறார்கள். அந்தக் காட்சிக்காகப் பட்டினி கிடந்து, உண்மையாகவே சாப்பிட்டு நடித்ததாக டெரன்ஸ் ஹில் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். திரையில் தெரியும் பசி பொய்ப் பசி இல்லை.

சாப்பிட்டு முடித்துக் கைதியையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறான். "உன் பேர் என்ன?" என்று கேட்கிறார்கள். "டிரினிட்டி என்பார்கள்." பெயரைக் கேட்டதும் அவர்கள் முகம் மாறுகிறது. சாத்தானின் வலது கை என்று பெயர் எடுத்தவன் அவன். முதுகில் சுடப் பார்க்கிறார்கள், அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுட்டு முடிக்கிறான். லியோனி படமாக இருந்தால் இந்தக் கடைசி அரை நிமிடத்துக்காகத்தான் முழுக் காட்சியும் இருந்திருக்கும். பார்போனி நேரத்தையெல்லாம் பீன்ஸுக்குக் கொடுத்துவிட்டு, சுடுவதைப் போகிற போக்கில் முடித்துவிடுகிறார். படம் முழுக்க இதே கணக்குதான்.

இது இத்தாலிக்குப் புதிதல்ல. அங்கே பல நூற்றாண்டுகளாக ஊர் ஊராக ஆடப்பட்ட முகமூடி நாடகங்களில் முக்கியமான கோமாளி எப்போதும் பசித்த வேலைக்காரன்தான். வடக்கே ஆர்லெக்கினோ, நேப்பிள்ஸில் புல்சினெல்லா. வேலை செய்யப் பிடிக்காது, வயிறு நிறையாது, அடி வாங்கவும் கொடுக்கவும் தயார். புல்சினெல்லா மக்ரோனி தின்னும் படங்கள் நேப்பிள்ஸில் எங்கும் கிடைக்கும். டிரினிட்டி அந்த வம்சத்தில் வந்தவன். அவன் இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது, தலையில் கௌபாய் தொப்பி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். போர்க்காலப் பஞ்சத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் 1970-இல் தியேட்டரில் பிள்ளைகளுடன் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சட்டி பயற்றை ஒருவன் கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிடுவது அவர்களுக்கு வெறும் வேடிக்கையாக மட்டும் இருந்திருக்காது.

சரி, கதை. டிரினிட்டி ஒரு ஊருக்கு வருகிறான். அங்கே ஷெரீஃப் நட்சத்திரத்தைக் குத்திக்கொண்டு நிற்பது அவன் அண்ணன் பாம்பினோ, சாத்தானின் இடது கை. அவன் உண்மையில் குதிரைத் திருடன். தன்னைத் துரத்தி வந்த நிஜ ஷெரீஃபைச் சுட்டு நொண்டியாக்கிவிட்டு, நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். கூட்டாளிகள் வரும்வரை ஊரில் காத்திருந்து, மேஜர் ஹாரிமன் என்ற பெரிய பண்ணைக்காரனின் குதிரைகளை, யாருடையது என்று காட்டும் முத்திரை இன்னும் குத்தாத குதிரைகளை, ஓட்டிக்கொண்டு போவது திட்டம். பக்கத்துப் பள்ளத்தாக்கில் மார்மன் மதத்தினர் குடியேறி வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கை ஓங்குவது பாவம் என்று நினைக்கிறவர்கள். மேஜருக்குக் குதிரை மேய்க்க அந்த நிலம் வேண்டும். டிரினிட்டிக்கு அந்த மார்மன் கூட்டத்தில் இரண்டு பெண்களைப் பிடித்துப்போகிறது. பாம்பினோ தலையில் அடித்துக்கொள்கிறான்.

பாம்பினோ என்றால் இத்தாலிய மொழியில் குழந்தை. நம் வீடுகளில் ஆறடி உயரமான மாமாவைக் கடைசிவரை 'பாப்பா' என்றே கூப்பிடுவோமே, அந்த மாதிரி. டிரினிடா என்பது திரித்துவம், அதாவது பிதா, சுதன், பரிசுத்த ஆவி. கத்தோலிக்க நாட்டில் குளிக்காத சோம்பேறி ஒருவனுக்கு அந்தப் பெயர். மதத்தை வைத்துச் சிரிக்கிறார்களே தவிர, அதில் வன்மம் இல்லை.

படத்தின் உண்மையான தூண்கள் அந்த இரண்டு நடிகர்கள்தான். டெரன்ஸ் ஹில்லின் இயற்பெயர் மாரியோ ஜிரோட்டி. 1939-இல் வெனிஸில் பிறந்தவர். தாய் ஜெர்மானியர். சின்ன வயதில் சில வருடம் டிரெஸ்டன் அருகே வளர்ந்தார். 1963-இல் விஸ்கோன்டி இயக்கிய 'இல் கட்டோபார்தோ'வில் ஒரு பிரபு குலத்து இளைஞனாக வருகிறார். அந்தச் சுத்தமான, மெல்லிய முகத்தையும் டிரினிட்டியின் அழுக்கு முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதே ஆள் என்று நம்ப நேரமாகும். பட் ஸ்பென்சர், அதாவது கார்லோ பெடர்சோலி, 1929-இல் நேப்பிள்ஸில் பிறந்தவர். நீச்சல் வீரர். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் இத்தாலியர் அவர்தான், 1950-இல். 1952 ஹெல்சின்கி, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ் இரண்டிலும் கலந்துகொண்டார். பட்வைசர் பியரிலிருந்து பட், நடிகர் ஸ்பென்சர் டிரேசியிலிருந்து ஸ்பென்சர், இப்படித்தான் தன் பெயர் வந்தது என்று சொல்வார்.

இந்த விளையாட்டுப் பின்னணியை நான் சும்மா தகவலுக்காகச் சொல்லவில்லை. அவர் சண்டை போடுவதைக் கவனியுங்கள். அத்தனை பெரிய உடம்பு, ஆனால் ஒரு அசைவுகூட வீணாகாது. ஓடமாட்டார், குதிக்கமாட்டார். மரம் மாதிரி நிற்பார். வருகிறவனின் உச்சந்தலையில் மேலிருந்து ஒரே குத்து, ஆணி அடிக்கிற மாதிரி. அவன் அப்படியே மடங்கி விழுவான். பக்கத்தில் டெரன்ஸ் ஹில் துள்ளுவார், குனிவார், ஏமாற்றுவார். அடிக்கும்போதே முகத்தில் சிரிப்பு இருக்கும். ஒருவர் எரிச்சலில் அடிப்பார், இன்னொருவர் விளையாட்டாக அடிப்பார். 1967-இல் ஜூசெப்பே கோலிட்சி இயக்கிய 'கடவுள் மன்னிப்பார், நான் மாட்டேன்' என்ற படத்தில்தான் இருவரும் முதல்முறை ஜோடியாக நடித்தார்கள். அது சிரிப்புப் படமே இல்லை, இறுக்கமான பழிவாங்கும் கதை. அதற்கு அடுத்த வருடம் கோலிட்சியே எடுத்த படத்தில் லேசாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அந்த ஜோடிக்குள் இருந்த நகைச்சுவையை முழுதாக வெளியே கொண்டுவந்தது டிரினிட்டிதான்.

நீங்கள் "வெறும் அடிதடி" என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன். இந்தப் படத்தின் முதல் பகுதியில் துப்பாக்கிச் சாவு உண்டு. விடுதி வாசலில் டிரினிட்டி சுடுகிறான். ஊரில் பாம்பினோவும் தன்னிடம் வம்பு செய்யும் மேஜரின் ஆட்களைச் சுட்டுத் தள்ளுகிறான். சகோதரர்கள் இருவரும் எவ்வளவு ஆபத்தானவர்கள் என்று நமக்குக் காட்டியாகிவிட்டது. அதன் பிறகு படம் கொஞ்சம் கொஞ்சமாகத் துப்பாக்கியை ஒதுக்கிவைக்கிறது. அடிக்கத் தெரியாத மார்மன்களுக்கு இந்த இரண்டு ரவுடிகளும் குஸ்தி வாத்தியார் ஆகிறார்கள். கடைசிச் சண்டையில் மேஜரின் ஆட்கள் கையில் ஆயுதம் இல்லை. மார்மன்களின் தலைவர் டோபியாஸ் வேதப் புத்தகத்தைத் திறக்கிறார். சண்டைக்கும் ஒரு காலம் உண்டு என்ற வரி கண்ணில் படுகிறது. பைபிளின் பிரசங்கி புத்தகத்தில் "யுத்தம்பண்ண ஒரு காலமுண்டு, சமாதானம்பண்ண ஒரு காலமுண்டு" என்று படித்திருப்போமே, அதே வரி. அவ்வளவுதான், அனுமதி கிடைத்துவிட்டது. அதுவரை அறை வாங்கிக்கொண்டு நின்ற அத்தனை பேரும் பாய்கிறார்கள். நீளமான, மூச்சு வாங்க வைக்கும் அடிதடி அது. ஒருவர் பின் ஒருவராக, மேசை, வேலி, மரக்கட்டை என்று கிடைத்த இடமெல்லாம் சண்டை. முடியும்போது ஒரு பிணம்கூட இல்லை.

1964-இல் லியோனியின் முதல் டாலர் படம், 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்', வந்ததிலிருந்து ஆறு வருடத்தில் இத்தாலி நூற்றுக்கணக்கில் வெஸ்டர்ன்களை எடுத்துத் தள்ளியிருந்தது. ஒவ்வொரு படமும் முந்தையதைவிடக் கூடுதல் ரத்தம் காட்டினால்தான் கவனிக்கப்படும் என்ற நிலை. குடும்பத்தோடு போய்ப் பார்க்க முடியாத சரக்காக அது மாறிக்கொண்டிருந்தது. டிரினிட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக முடிந்தது. வசூலை மாற்றியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 1971-இல் வந்த இரண்டாம் பாகம், 'தொடர்ந்து அவனை டிரினிடா என்றே கூப்பிட்டார்கள்', முதல் படத்தையும் தாண்டி ஓடியது. இத்தாலியத் திரையரங்குகளில் இதுவரை அதிகம் பேர் பார்த்த இத்தாலியப் படங்களின் வரிசையில் அது இன்னும் இருக்கிறது.

இசையைச் சொல்லாமல் விட முடியாது. ஃபிராங்கோ மிகலிட்சி இசையமைத்த தலைப்புப் பாடல், குதிரை நடையின் தாளத்தில் சோம்பலாக நகரும். பாடியவர் அன்னிபாலே. விசில் அலெஸ்ஸாண்ட்ரோ அலெஸ்ஸாண்ட்ரோனி. லியோனியின் டாலர் படங்களில் இசையமைப்பாளர் மோரிகோனேயின் இசைக்கு வந்த அதே விசில்காரர். அங்கே முதுகெலும்பைச் சில்லிட வைத்த விசில், இங்கே வயிறு நிறைந்தவன் நடந்துபோகும்போது அடிக்கிற விசில் ஆகிவிட்டது. 2012-இல் டாரன்டினோவின் 'ஜாங்கோ அன்செயின்ட்' கடைசியில் கேட்டிருப்பீர்கள், அது இந்தப் பாடல்தான். பார்போனி எந்த ஜாங்கோவிலிருந்து கிளம்பி வந்தாரோ, அவர் படத்தின் பாட்டு இன்னொரு ஜாங்கோவுக்குள் போய்ச் சேர்ந்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

படம் பிடித்த இடங்கள் எல்லாம் ரோமைச் சுற்றியும் அப்ரூட்சோ மலைப்பக்கமும்தான். விரிந்த புல்வெளி காம்போ இம்பெராதோரே என்ற உயரமான சமவெளி. டிரினிட்டி அந்தப் பெண்களைச் சந்திக்கும் அருவி, ரோமுக்கு வடக்கே ட்ரேயா பள்ளத்தாக்கில் இருக்கும் மோன்டே ஜெலாட்டோ. ஸ்பெயினின் அல்மெரியா பாலைவனத்தில் எடுத்த வெஸ்டர்ன்களின் காய்ந்த மஞ்சள் நிறம் இங்கே இருக்காது, பச்சை அதிகம். படத்தின் இளகிய மனநிலைக்கு அந்தப் பச்சை பொருந்துகிறது.

குரல் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்து இத்தாலியப் படங்களில் படப்பிடிப்பில் ஒலியைப் பதிவு செய்ய மாட்டார்கள். எல்லாம் பிறகு டப்பிங்தான். இத்தாலியப் பதிப்பில்கூட இருவரின் சொந்தக் குரல் இல்லை. ஹில்லுக்கு பினோ லொக்கி, ஸ்பென்சருக்கு கிளௌகோ ஒனோராட்டோ குரல் கொடுத்தார்கள். அதனால் 'ஒரிஜினல் குரல்' என்று தேடி அலைய வேண்டாம். ஆங்கில டப்பிங்கைவிட இத்தாலியக் குரலோடு சப்டைட்டில் வைத்துப் பார்ப்பதை நான் சொல்வேன். ஒனோராட்டோவின் அடித்தொண்டைக் கரகரப்பு பாம்பினோவின் சலிப்புக்கு அத்தனை பொருத்தம்.

குறைகளும் உண்டு. அந்த இரண்டு மார்மன் பெண்களுக்குச் சிரிப்பதைத் தவிர வேலை இல்லை. மெஸ்கால் என்ற மெக்சிகோக் கொள்ளைக்காரனும் அவன் கூட்டமும் அந்தக் காலத்து வழக்கமான கேலிச் சித்திரம்தான். அது இன்று உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். நடுவில் குடியிருப்புக்கும் ஊருக்கும் மாறி மாறிப் போகும்போது வேகம் குறையும். மேஜராக வரும் ஃபார்லி கிரேஞ்சர் ஹிட்ச்காக்கின் 'ரோப்'பிலும் 'ஸ்டிரேஞ்சர்ஸ் ஆன் எ டிரெயி'னிலும் நடித்தவர். அவரை இன்னும் நன்றாகப் பயன்படுத்தியிருக்கலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. டிரினிட்டி ஓடியதும், தலைப்பில் டிரினிட்டி, அல்லேலூயா என்று போட்டு அரைகுறைப் படங்கள் குவிந்தன. சோம்பேறித்தனத்தையும் அறையையும் நகல் எடுத்தார்கள், ஆனால் நேரக் கணக்கை யாராலும் எடுக்க முடியவில்லை. ஒருமுறை இப்படிச் சிரித்துவிட்ட பிறகு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுருட்டு கடிக்கும் நாயகனை மறுபடி அதே பயத்தோடு பார்ப்பதும் கஷ்டமாகிவிட்டது. இந்த மாற்றத்தை லியோனி கூர்ந்து கவனித்தார். 1973-இல் அவர் கொடுத்த கருவை வைத்து டோனினோ வலேரி இயக்கிய 'என் பெயர் யாருமில்லை' படத்தில், ஓய்வெடுக்க நினைக்கும் கிழத் துப்பாக்கி வீரனாக ஹென்றி ஃபோண்டா. அவரைத் துரத்தித் துரத்தி வழிபடும் குறும்புக்காரனாக அதே டெரன்ஸ் ஹில். பழைய வெஸ்டர்னும் புது வெஸ்டர்னும் ஒரே தெருவில் எதிரெதிரே நிற்கும் படம் அது. லியோனி ரசிகரான உங்களுக்கு அது நிச்சயம் பிடிக்கும், ஆனால் டிரினிட்டியைப் பார்த்த பிறகு பார்த்தால்தான் அதன் வருத்தம் புரியும்.

ஆக, பார்க்கும் வரிசை: முதலில் 'ஜாங்கோ'வை ஒருமுறை பாருங்கள், இல்லாவிட்டால் அந்தச் சவப்பெட்டிக் காட்சியையாவது. உடனே டிரினிட்டி. பிறகு இரண்டாம் பாகம். அதில் சகோதரர்கள் இருவரும் பெரிய மனிதர்கள் போல உடுத்திக்கொண்டு நாகரிகமான உணவகத்துக்குப் போகும் காட்சி வரும். அதே அடங்காத பசி, இப்போது வெள்ளை மேசைவிரிப்புக்கு முன்னால். சீட்டாட்டக் காட்சி ஒன்றும் இருக்கிறது. துப்பாக்கியை எடுக்கும் வேகத்தை எல்லாம் டிரினிட்டி எதிராளியின் கன்னத்தில் அறைவதற்குப் பயன்படுத்துவான். அடுத்ததாக ஃபோண்டா படம்.

முதல் படத்தின் முடிவைக் கவனமாகப் பாருங்கள். பாம்பினோ கண் வைத்திருந்த குதிரைகள் மேல் மார்மன் முத்திரை ஏறிவிட்டது, டிரினிட்டியின் வேலை. இத்தனை நாள் காத்திருந்தது வீண். அண்ணன் கோபத்தில் வெடித்து, நீ அந்தப் பக்கம் போ, நான் இந்தப் பக்கம் போகிறேன் என்று கிளம்பிவிடுகிறான். டிரினிட்டி அந்த இரண்டு பெண்களோடு அங்கேயே தங்கிவிடலாம் என்று நிற்கிறான். டோபியாஸ் மகிழ்ச்சியாக வரவேற்று, இனி நாம் எல்லாரும் செய்யப்போகிற வேலைகளைச் சொல்ல ஆரம்பிக்கிறார். வேலை என்ற சொல் காதில் விழுந்ததும் டிரினிட்டியின் நீலக் கண்கள் மெல்ல மாறுவதைப் பாருங்கள். அடுத்த காட்சியில் அந்தக் கழிப் படுக்கை மறுபடி புழுதியில் இழுபடுகிறது, அண்ணன் போன திசையில்.